"பாஸ்போர்ட்டைக் காட்டும் பாப்பம்": வெள்ளவத்தையில் ஒரு மொழிபெயர்ப்புக் கடை

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மருந்துக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒடுங்கலாக ஒரு கடை. பலகையில் 'மொழிபெயர்ப்பு, டைப்பிங், போட்டோ கொப்பி' என்று மட்டும்தான் இருக்கும், கடைக்கென்று பெயர் கிடையாது. இவர், அதாவது என் கணவர், மெல்பேர்னில், நான் இங்கே. அவுஸ்திரேலியாவுக்கு 309 பார்ட்னர் விசா (வெளியே இருந்துகொண்டு வாழ்க்கைத்துணையாக விண்ணப்பிக்கிற விசா) போடுவதற்கான பேப்பர் எல்லாம் கடைசியில் இங்கேதான் செய்தேன்.

கடைசியில் என்று ஏன் சொல்கிறேன் என்றால், முதலில் வேறு ஒரு இடத்தில் கொடுத்துக் கெட்டுப்போனேன். என்னுடைய பிறப்புச் சான்றிதழ் யாழ்ப்பாணத்தில் பதிந்தது, முழுக்கத் தமிழ். அப்பாவின் பெயர் 'ராசா' என்று முடியும். பாஸ்போர்ட்டில் அது 'ஜே' போட்டுக் கடைசியில் ஒரு 'எச்' சேர்த்து இருக்கிறது, அவர்கள் 'எஸ்' போட்டு மொழிபெயர்த்துவிட்டார்கள், விவாகச் சான்றிதழில் 'ஜே' போட்டு 'எச்'சை விட்டுவிட்டார்கள். மூன்று பத்திரத்தில் எனக்கு மூன்று அப்பா! 9000 டொலருக்கு மேல் கட்டணம் கட்டுகிற விண்ணப்பத்தில் இப்படி விட முடியுமா?

இந்தக் கடை ஐயா சான்றிதழைக் கையில் வாங்கவே இல்லை. "பிள்ளை, முதல்ல பாஸ்போர்ட்டைக் காட்டும் பாப்பம்" என்றார். எனது, இவரது, இரண்டு பேரின் அப்பா அம்மா எல்லாருடைய பெயரையும் பாஸ்போர்ட்டிலும் அடையாள அட்டையிலும் உள்ள ஆங்கில எழுத்துப்படி ஒரு துண்டில் எழுதி, அதை ஃபைலின் மேலே குத்தி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார். இவருடைய பிறப்புச் சான்றிதழ் கொழும்பில் பதிந்தது, சிங்களம். அதையும் இங்கேயே செய்தாயிற்று. ஆனால் விவாகப் பதிவில் என் பெயரின் முதலெழுத்து ஒன்று மூலத்திலேயே விடுபட்டிருந்தது, அதைச் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்டேன், மறுத்துவிட்டார். இருப்பதைத்தான் மொழிபெயர்க்கலாமாம், வித்தியாசத்துக்குத் தனியாக ஒரு சத்தியக் கடதாசி முடிக்க வேண்டுமாம். அப்போது எரிச்சலாக இருந்தது, யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி. முத்திரையோடு தன் முழுப்பெயர், விலாசம், தொலைபேசி, தகைமை எல்லாம் எழுதித் தருகிறார். அவுஸ்திரேலியாவுக்கு வெளியே செய்கிற மொழிபெயர்ப்பில் விசாக்காரர்கள் கேட்பது இதைத்தான், பல கடைகள் வெறும் முத்திரையோடு விட்டுவிடுவார்கள்.

அடுத்தது சட், அதாவது உறவு உண்மை என்று காட்ட வைக்கிற போன் செய்திகள். இரண்டு வருட வைபர் செய்திகள் முழுவதையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன், தலையணை அளவு. ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் முன்னாலேயே வாசிக்கத் தொடங்கினார். என்ன ரகசியம் இருக்கப் போகிறது, பக்கத்துக்கு நாலு 'சாப்பிட்டீங்களா', அதற்கு இவருடைய 'ம்'. ஆனாலும் எனக்குக் காது சுட்டது. பக்கக் கணக்கில்தான் காசு, அவர் நினைத்திருந்தால் முழுவதையும் செய்து உழைத்திருக்கலாம். "மாசத்துக்கு ரெண்டு பக்கம் காணும் பிள்ளை, சண்டை பிடிச்சதையும் வையும்" என்று பொறுக்கித் தந்தார். பணம், வீடு, சமூகம், ஒருவருக்கொருவர் உள்ள பிணைப்பு என்று நாலு கோணத்தில்தான் விசா அதிகாரிகள் உறவை ஆராய்வார்கள். சேர்ந்து வாழாத எங்களைப் போன்றவர்களுக்கு 'வீடு' என்ற தலைப்பில் வைக்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது, அதனால் வீட்டுச் செலவைப் பற்றிப் பேசிய சட்டுகளைத் தேடி எடுக்கச் சொன்னதும் அவர்தான்.

இனிக் குறைகள். கதைக் கடிதத்தை, அதாவது எப்படிச் சந்தித்தோம் என்று நாங்கள் எழுத வேண்டியதை, தயவுசெய்து அங்கே கொடுக்காதீர்கள். டைப் பண்ணுகிற தம்பியிடம் ஏற்கெனவே ஒரு மாதிரி இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றித் தருவார். எங்களுடையது பெரியம்மா சாதகம் பார்த்துப் பேசிச் செய்த கலியாணம். அவர் தந்ததில் நாங்கள் கண்டதும் காதலாம். இன்னொன்று, எழுத்து (விவாகப் பதிவு) முடிந்து ஏழு மாதம் கழித்துத்தான் எங்களுக்குக் கோயிலில் தாலி கட்டு. நம் ஆட்களில் பாதிப்பேருக்கு இப்படித்தான், ஆனால் அங்கே இருந்து பார்க்கிற அதிகாரிக்கு ஏன் இரண்டு திகதி என்று நீங்கள்தான் விளங்கப்படுத்த வேண்டும். அந்த மாதிரிக் கடிதத்தில் ஒரு திகதிதான் இருந்தது.

ஸ்கானும் அப்படித்தான். முதலில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி 40 எம்பியில் தந்தார்கள். விசா விண்ணப்பத் தளத்தில் ஒரு ஃபைல் 5 எம்பிக்கு மேல் ஏறாது, மூலத்தைக் கலரில் ஸ்கான் செய்துதான் ஏற்ற வேண்டும். சொன்ன பிறகு முகம் சுளிக்காமல் திரும்பச் செய்து தந்தார்கள், அரை நாள் போனதுதான். ஒவ்வொரு போட்டோ கொப்பியிலும் சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கித் தரவா என்றும் கேட்பார்கள். கலர் ஸ்கான் ஏற்றுகிறவர்களுக்கு அது தேவையில்லை, அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

பொலிஸ் சான்றிதழுக்கு இவர்களிடம் போக வேண்டாம், வீட்டிலிருந்தே ஒன்லைனில் போடலாம். மொழிபெயர்ப்பு எனக்கு மூன்று நாளில் கிடைத்தது. கார்ட் எடுக்க மாட்டார்கள், காசுதான். மத்தியானம் போனால் ஐயா சோற்றுப் பார்சலோடு உள்ளே இருப்பார், தம்பிதான் வாசலில் நிற்பார், அவரிடம் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஐயா கை கழுவும் வரைக்கும் அந்த பிளாஸ்டிக் கதிரையில் இருங்கள்.