ஹுவான் தேடிப் பிடித்த ஆட்கள்: புவெனா விஸ்டா சோஷியல் கிளப் சிடி

மதுரைப் பக்கம் மெல்லிசைக் கச்சேரிகளில் 26 வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். சிடி வாங்குவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. 'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்' என்ற இந்தக் கியூபா இசை ஆல்பத்தை மட்டும் தேடி வரவழைத்தேன். 2021இல் வந்த 25ஆம் ஆண்டுப் பதிப்பு, இரண்டு சிடி, கூடவே படங்களும் குறிப்புகளும். அனுப்பிய கடைக்காரர் சரியாகக் கட்டாததால் அட்டையின் ஒரு மூலை நசுங்கித்தான் வந்தது. சிடிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

இது 1996 மார்ச்சில், கியூபாவின் ஹவானாவில், எக்ரெம் ஸ்டூடியோவில் பதிவானது. லண்டனில் வேர்ல்டு சர்க்யூட் என்ற இசைத்தட்டு நிறுவனம் நடத்திய நிக் கோல்டும், அமெரிக்க கிதார் கலைஞர் ரை கூடரும் போட்ட திட்டமே வேறு. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக் கலைஞர்களை வரவழைத்துக் கியூபாக்காரர்களோடு சேர்ந்து வாசிக்க வைப்பதாக இருந்தது. மாலிக்காரர்கள் வந்து சேரவில்லை. ஸ்டூடியோ பேசியாயிற்று, ரை கூடரும் வந்து இறங்கிவிட்டார். திருவிழா மேடையில் மைக் எல்லாம் கட்டிய பிறகு பாடகர் வரவில்லை என்று போன் வந்தால் வயிறு எப்படிக் கலங்கும் என்பது எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் கை கொடுத்தவர் கியூபா இசைக்கலைஞர் ஹுவான் தெ மார்கோஸ் கொன்சாலஸ். இந்த ஆல்பம் என்றாலே எல்லோரும் ரை கூடரைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் முதல் மாலை ஹுவானுக்குத்தான். பழைய வித்வான்களைச் சேர்த்து ஒரு பெரிய குழு அமைக்க வேண்டும் என்று அவர் அதற்கு முன்பிருந்தே அலைந்துகொண்டிருந்தார். யார் உயிரோடு இருக்கிறார், எங்கே இருக்கிறார், யார் குரல் இன்னும் கெடவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மென்மையான குரல் ஒன்று வேண்டும் என்றதும் போய் இப்ராஹிம் ஃபெரெரைக் கூட்டி வந்தார். அப்போது ஃபெரெருக்கு 69 வயது. பாட்டை விட்டு ஒதுங்கி, ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். பாடகி ஒமாரா போர்த்துவோந்தோ அதே கட்டடத்தில் வேறு வேலையாக இருந்தவர், வந்து பாடினார். பாடகரும் கிதார் கலைஞருமான கொம்பாய் செகுண்டோவுக்கு 88 வயது. ஆறே நாளில் ஆல்பம் முடிந்தது.

நான் இதை வாங்கியது பியானோ வாசித்த ருபேன் கொன்சாலஸுக்காக. 76 வயது, விரல் மூட்டுகளில் வாதம், வீட்டில் பியானோ கிடையாது. தினமும் காலையில் ஸ்டூடியோ கதவு திறக்கும் முன்பே வந்து வாசலில் நிற்பாராம். பூட்டைத் திறந்ததும் நேரே பியானோவிடம் ஓடுவாராம். கேட்டால் நம்புவீர்கள். இடது கை தாளத்தை விட்டு நகராது. வலது கை மட்டும் மேலே ஏறிப் போய், ஒரு இடத்தில் சறுக்குவது போல இறங்கிச் சரியாகத் தாளத்தில் வந்து உட்காரும். அந்த ஒரு இறக்கத்தை ஒரு வாரம் வாசித்துப் பார்த்தேன். சுரமெல்லாம் வந்துவிட்டது, அந்த நிதானம் வரவில்லை.

முதல் பாட்டு வெறும் நாலு கார்டுதான் (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அடிப்பது): டி மைனர், எஃப், ஜி மைனர், ஏ. அதற்குள்ளேயே கிதாரும் டிரம்பெட்டும் பாஸும் ஒன்றை ஒன்று இடிக்காமல் நடந்து போகின்றன. ரை கூடரின் மகன் ஜோவாக்கிம், உடு என்ற நைஜீரிய மண்பானை வாத்தியமும் வாசித்திருக்கிறார். கடம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த 'தும்' உடனே பிடிபடும். எல்லோரும் ஒரே கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தது இது. கண்ணை மூடினால் யார் எந்த மூலையில் இருக்கிறார் என்பதுகூடத் தெரிகிறது. நல்ல ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் பாஸ் வாசிக்கும் கச்சாய்தோ லோபெஸ் காணாமலே போய்விடுவார்.

இரண்டாவது சிடியில் அப்போது வெளியிடாமல் வைத்திருந்த பதிவுகள் இருக்கின்றன. வாத்தியக்காரர்களுக்கு அது புதையல். பாட்டு மட்டும் கேட்பவர்களுக்குச் சாதாரணப் பதிப்பே போதும், கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

போன ஞாயிறு எங்கள் குழுவில் முன்பு அக்கார்டியன் வாசித்த அண்ணன் வீட்டுக்கு இதை எடுத்துப் போனேன். அவருக்கு 71 வயது, வாத்தியத்தை விற்றுப் பல வருடம் ஆகிறது. ருபேனின் பியானோ வந்ததும் பேச்சை நிறுத்தினார். தொடை மேல் விரல்கள் ஓட ஆரம்பித்தன.

"இவருக்கு வயசு என்ன சொன்ன?"

"76 ண்ணே."

"திரும்ப முதல்ல இருந்து போடு."

மூன்று முறை போட்டேன். கிளம்பும்போது, நம்மிடம் தபேலா வாசித்தவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டார். திருமங்கலத்தில் என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.