சென்னை ஷேர் ஆட்டோ: விடுமுறையில் வந்தவரின் அனுபவம்

வெளிநாட்டிலிருந்து இம்முறை சென்னைக்கு விடுமுறையில் சென்றபோது காருக்கு ஏற்பாடு செய்யாமல், வேளச்சேரி, மேடவாக்கம், தாம்பரம் பகுதிகளில் பெரும்பாலும் ஆட்டோக்களிலேயே சென்று வந்தேன். அரசே கட்டணம் நிர்ணயித்திருக்கும் மீட்டர் ஆட்டோவில் ஏறுமுன் பேரம் பேச வேண்டியிருந்தது. பேருந்தைப் போல வழிநெடுக ஆள் ஏற்றி இறக்கச் சட்டத்தில் இடமில்லாவிட்டாலும் அப்படியே ஓடும், பலர் சேர்ந்து பயணிக்கும் ஷேர் ஆட்டோவிலோ பேரம் என்ற பேச்சே எழவில்லை.

மீட்டர் போடாததற்கு ஓட்டுநர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்ற கட்டணம் 2013 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. பெட்ரோல் விலை 100 ரூபாயைத் தாண்டிய பின்னும் அது பத்தாண்டுகளுக்கு மேல் திருத்தப்படாமல் கிடந்ததால், 2025 பிப்ரவரியில் ஓட்டுநர் சங்கங்கள் தாங்களாகவே 50 ரூபாய், 18 ரூபாய் என்று புதிய கட்டணத்தை அறிவித்தன. செயலி வழியாக அழைத்தால் தொகை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்றாலும், ஓட்டுநர் தொலைபேசியில் "எங்கே போகணும், கேஷா ஆன்லைனா?" என்று கேட்டபின் வண்டி வருமா வராதா என்பது அவருடைய முடிவுதான். உள்ளூர் சிம் இல்லாதவர்களுக்கு அந்த வழியும் சிரமம்.

ஷேர் ஆட்டோவின் ஒழுங்கு எழுதப்படாதது. பெயர்தான் ஆட்டோ, முன்பு ஓடிய மூன்று சக்கர வண்டிகளின் இடத்தில் பல தடங்களில் இப்போது நான்கு சக்கர டாடா மேஜிக் வண்டிகளே ஓடுகின்றன. கால அட்டவணையோ பெயர்ப்பலகையோ கிடையாது. கைகாட்டினால் நிற்கும், ஊர்ப்பெயரைச் சொன்னால் ஓட்டுநர் தலையசைப்பார், அவ்வளவுதான். எந்த நிறுத்தத்துக்கு எவ்வளவு என்பது உடன் வரும் பயணிகள் அனைவருக்கும் தெரிந்திருப்பதால், வெளியூர்க்காரர் என்று பார்த்துக் கூடுதலாகக் கேட்க வழியில்லை. 2021 மே மாதம் முதல் மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அப்படியிருந்தும் காலை வேளைகளில் நான் ஏறிய வண்டிகளில் வேலைக்குச் செல்லும் பெண்களே நிறைந்திருந்தனர். பேருந்துக்காகக் காத்திருந்து தாமதமாவதைவிடச் சில்லறை செலவழிப்பது மேல் என்று ஒருவர் காரணம் சொன்னார்.

கையில் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் இருப்பது நல்லது. க்யூஆர் அட்டை ஒட்டியிருந்தாலும் யுபிஐ (கைபேசி வழியே பணம் செலுத்தும் முறை) வசதி இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு அது பயன்படாது. பெட்டி படுக்கையோடு ஏற வேண்டாம். நெரிசல் நேரத்தில் ஓட்டுநரின் பக்கத்திலும் ஆட்களை நெருக்கி உட்கார வைக்கிறார்கள். அந்த இடத்தில் குழந்தையோடு உட்காரச் சொன்னால், அடுத்த வண்டிக்குக் காத்திருப்பதையே நான் பரிந்துரைப்பேன்.