பவர்பாயிண்டா, இம்ப்ரெஸா? நமக்கேற்ப அமைப்பதில் எது சுலபம்

பவர்பாயிண்ட், லிப்ரே ஆபிஸின் இம்ப்ரெஸ் என்ற இந்த இரண்டு ஸ்லைடு தயாரிக்கும் மென்பொருள்களிலும் முதல் வேலை மாஸ்டர் ஸ்லைடுதான். அதில் செய்யும் மாற்றம் எல்லா ஸ்லைடுகளிலும் வரும். ஒவ்வொரு ஸ்லைடாக எழுத்துருவை மாற்றுவது வீண் உழைப்பு. பவர்பாயிண்டில் வியூ மெனுவில் 'ஸ்லைடு மாஸ்டர்'. லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸில் அதே மெனுவில் 'மாஸ்டர் ஸ்லைடு'. பவர்பாயிண்டில் இடப்பக்கம் மேலே பெரிதாக இருப்பதுதான் மாஸ்டர். கீழே வரிசையாக இருப்பவை லேஅவுட்கள், அதாவது தலைப்பு ஸ்லைடு போன்ற ஒவ்வொரு வகைக்குமான அமைப்புகள். பலர் லேஅவுட் ஒன்றில் லோகோவை ஒட்டிவிட்டு, மற்ற ஸ்லைடுகளில் ஏன் வரவில்லை என்று தேடுவார்கள்.

பலர் கவனிக்காதது ஸ்லைடு அளவு. 16:9 (அகலத்திரை விகிதம்) என்றால் பவர்பாயிண்ட் 33.87 செ.மீ. அகலம் எடுக்கும்; இம்ப்ரெஸ் 28 செ.மீ. ஆகவே இம்ப்ரெஸின் 24 புள்ளி எழுத்து, திரையில் பவர்பாயிண்டின் 29 புள்ளி அளவுக்குத் தெரியும். ஒன்றிலிருந்து நகலெடுத்து மற்றொன்றில் ஒட்டினால் வரிகள் மடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழுக்கு இம்ப்ரெஸில் கூடுதலாக ஒரு படி உண்டு: ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய், 'காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' (தமிழ் போன்ற எழுத்து முறைகளுக்கான அமைப்பு) என்பதில் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என எழுத்துருவைத் தனித்தனியாக அமைக்க முடிவது பெரிய வசதி.

வேறு கணினியில் எழுத்து மாறாமல் இருக்க எழுத்துருவைக் கோப்பிலேயே பதிக்கலாம். இம்ப்ரெஸில் ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபாண்ட். பவர்பாயிண்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ். அங்கே 'பயன்படுத்திய எழுத்துகள் மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு சிறிதாகும். ஆனால் அடுத்தவர் திருத்தும்போது புது எழுத்துகள் வேறு உருவில் வரும். திருத்தம் இருக்கும் என்றால் முழுதாகவே பதியுங்கள்.