மாசாணியம்மன் ஸ்டிக்கரும் எங்கம்மாவோட தைல பாட்டிலும்

ரெண்டு மாசம் முன்னாடி பொள்ளாச்சில ஒருத்தர்கிட்ட 2012 மாடல் ஸ்விஃப்ட் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேங்க, சிவப்பு கலரு, இன்ஜின் சுத்தம், ஏசி சில்லுனு வருது, ஆனா டிக்கில இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் மஞ்சள் எழுத்துல "மாசாணியம்மன் துணை"ன்னு பெரிய ஸ்டிக்கர், அதுல பாதி எழுத்து வெயில்ல காஞ்சு உதுந்து போயிருந்துச்சு, ரெண்டு பக்கக் கதவுலயும் இடிபடாம இருக்க ஒட்டற பட்டை, அதான் சைடு பீடிங், பிஞ்சு விழுந்த எடத்துல கருப்பா ஃபோம் டேப் கோடு கோடா நிக்குது. பாக்கறதுக்கே என்னமோ மாதிரி.

எடுத்துரலாம்னு சொன்னதுக்கே அப்பா ஒத்துக்கல. "ஆனமல ஆத்தாகிட்ட வெளையாடாத சாமி, அங்க மொளகா அரச்சுப் பூசுனா என்னாகும்னு தெரியுமில்ல"ன்னாரு. மாசாணியம்மன் கோயில் ஆனமலைலதான், தப்பு பண்ணவங்களுக்குத் தண்டனை கேட்டு அங்க மொளகா அரச்சுப் பூசுவாங்க. சாமி பேரு பாதி பிஞ்சு தொங்கறது அதவிடத் தப்புங்கப்பான்னு சொன்னேன், கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு சரின்னாரு. ஆனா உறிச்சு எடுத்த துண்டுல ஒண்ணு கூட கீழ விழக்கூடாதுன்னு பேப்பரை மடியில விரிச்சு பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாரு.

டீடெய்லிங் கடைல கேட்டா பாலிஷோட சேத்து 3500 சொன்னாங்க. அவ்வளவு குடுக்க மனசு வரல. அதனால நானே நாலஞ்சு ஐட்டம் வாங்கி ட்ரை பண்ணேன், எது வேலைக்கு ஆச்சு எது ஆகலைன்னு எழுதி வெக்கறேன், இதே கஷ்டத்துல இருக்கறவங்களுக்கு ஆகும்.

மொதல்ல ஆன்லைன்ல வாங்குன ஸ்ப்ரே. பேரு சொல்ல விரும்பல. பார்சல் வரும்போதே மூடி லீக்காயி பாதி பாட்டில் அட்டைப்பெட்டி குடிச்சிருச்சு. மிச்சத்தை அடிச்சேன், எலுமிச்சை வாசம் கமகமன்னு வந்துச்சு, பசை அப்படியேதான் இருந்துச்சு. ஆரஞ்சுத் தோல்ல இருந்து எடுக்கற லிமோனீன் உண்மைலயே பசையைக் கரைக்கும், நல்ல ரிமூவர்ல எல்லாம் அது இருக்கும், இதுல வாசனைக்கு மட்டும்தான் கலந்திருப்பாங்க போல. அஞ்சுக்கு ஒண்ணு. அந்த ஒண்ணு கூட வாசத்துக்கு.

அடுத்து நான் பண்ண கிறுக்குத்தனம். தெரிஞ்ச டிங்கரிங் ஆள் ஒருத்தர் "தின்னர் தொட்டுத் தொடை, ஒரே நிமிஷம்"னாரு. பின்னாடி பம்பர்ல ஓரமா இருந்த ஒரு சின்ன ஸ்டிக்கர் மேல வெள்ளைத் துணில தொட்டு ரெண்டு இழு இழுத்தேன், பசை வந்துச்சு, கூடவே துணி ரோஸ் கலர் ஆயிருச்சு. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, பம்பர் எங்கயோ இடிச்சு பட்டி பாத்து லோக்கல்ல டூக்கோ பெயிண்ட் அடிச்சது, கலருக்கு மேல காப்பா அடிக்கற கிளியர் கோட்டே கிடையாது. அதனால எதை ஊத்தறதுக்கு முன்னாடியும் கண்ணுக்குத் தெரியாத எடத்துல, கதவு தொறந்தா உள்ள தெரியுற ஓரத்துல, வெள்ளைத் துணில ஒரு சொட்டு தொட்டுத் தேச்சுப் பாருங்க, துணில கலர் ஏறுனா அந்த ஐட்டத்தை மூடி வெச்சிருங்க. நெயில் பாலிஷ் ரிமூவரும் இதே கேஸ்தான், அதுல இருக்கற அசிட்டோன் பெயிண்ட்டை மங்கடிச்சிரும், பக்கத்துலயே கொண்டு போகாதீங்க.

பிளேடும் வேண்டாம். கம்பெனி பெயிண்ட்ல மேல இருக்கற கிளியர் கோட் சுமாரா 40, 50 மைக்ரான்தான், நம்ம தலைமுடியோட தடிமன் கூட வராது. கண்ணாடில பிளேடு போட்டு சுரண்டிப் பழகுன கை பெயிண்ட்லயும் அதையே பண்ணும், ஒரு இழுப்புல கோடு விழுந்துரும்.

டபிள்யூடி 40 நல்ல ஐட்டம், அதுல சந்தேகம் இல்ல. தண்ணியை விரட்டறதுக்காக 1953ல அமெரிக்கால ராக்கெட் வேலைக்குன்னு கண்டுபிடிச்சது, நாப்பதாவது ஃபார்முலா சரியா வந்ததால அந்த 40ன்னு சொல்வாங்க, நம்மூர்ல கதவு கீல் கிறீச்சுன்னா அடிக்கறோம். கதவுல ஒட்டியிருந்த பேப்பர் லேபிள் பசை அஞ்சே நிமிஷத்துல வழிச்சிட்டு வந்துருச்சு. ஆனா டிக்கில பத்து வருஷம் வெயில் குடிச்ச பசைக்கு மூணு ரவுண்டு அடிச்சும் பாதிதான் வந்துச்சு, செங்குத்தா இருக்கற எடத்துல நிக்காம வழிஞ்சு ஓடிருது, அடிச்ச எடமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, ஷாம்பு போட்டுக் கழுவாம விட்டா ரோட்டுப் புழுதி பூரா அங்க வந்து உக்காந்துக்கும். அஞ்சுக்கு மூணரை.

இப்ப மேட்டருக்கு வரேன். எங்கம்மா சளி புடிச்சா ஆவி புடிக்கறதுக்கு ஊட்டில இருந்து வாங்கி வெச்சிருக்கற நீலகிரி தைலம். யூகலிப்டஸ் தைலம்தான், அந்த மரமே ஆஸ்திரேலியாப் பக்கத்துல இருந்து 1843 வாக்குல நீலகிரிக்கு வந்ததுன்னு சொல்வாங்க. அந்தத் தைலத்துல இருக்கற சினியோல்னு ஒண்ணு பசையை நல்லா இளக்கும். ஏதோ ஞாபகத்துல மேசை மேல இருந்த பாட்டிலை எடுத்து ஒரு எழுத்து மேல மட்டும் ட்ரை பண்ணேன். அசந்துட்டேன்.

பண்ண விதத்தையும் சொல்லிடறேன். காலைல ஒரு அரை மணி நேரம் டிக்கியை வெயில் பக்கமா நிறுத்தி தொட்டா சூடு தெரியற அளவுக்குக் காய விட்டேன், அப்புறம் நிழலுக்குக் கொண்டு வந்துட்டேன், ஏன்னா வெயில்லயே தைலம் ஊத்துனா வேலை செய்யறதுக்கு முன்னாடி ஆவியாப் போயிரும். மழை நாளா இருந்தா முடி காய வைக்கற ட்ரையர் போதும். சூட்டோட ஸ்டிக்கரை ஓரத்துல இருந்து படுக்க வாட்டமா மெதுவா உறிச்சேன். புது ஸ்டிக்கர்னா ரப்பர் மாதிரி முழுசா வரும், பழசு வராது, வினைல்ல இருக்கற இளக்கத்தை வெயில் உறிஞ்சிரும், பிஸ்கட் மாதிரி நொறுங்கி மேல் தோல் மட்டும் வந்துட்டு பசை பூரா பெயிண்ட்லயே நின்னுக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. "மாசாணியம்மன்" ஓரளவு வந்துருச்சு, "துணை" மட்டும் பழுப்பா பசையாவே நின்னுச்சு, அப்பா பாத்துட்டு "துணைய விட்டுட்டுப் போக மாட்டேங்கறா பாரு"ன்னாரு.

டிஷ்யூ பேப்பரை எழுத்து அளவுக்கு மடிச்சு தைலத்துல நனைச்சு பசை மேல ஒட்டி பத்து நிமிஷம் விட்டுட்டேன். இதுதாங்க முக்கியம், தேய்க்கவே கூடாது, சும்மா விடணும். டிஷ்யூவை எடுத்தா பசை ஊறி வெள்ளையா பாலாடை மாதிரி நெளிஞ்சு நிக்குது. கட்டை விரலால ஒரு தள்ளு தள்ளுனா சப்பாத்தி மாவு கையில உருளுமே, அந்த மாதிரி உருண்டு உருண்டு வருது. ஓரத்துல புடிவாதமா நின்னதுக்கு காலாவதியான ஏடிஎம் கார்டு மேல மைக்ரோஃபைபர் துணியைச் சுத்தி லேசா தள்ளுனேன். ஒரு எழுத்துக்கு ரெண்டு தடவை வெச்சேன், மொத்த டிக்கியும் ஒன்றரை மணி நேரம், கால் பாட்டில் தைலம் கூட செலவாகல. கடைசில கார் ஷாம்பு போட்டு ரெண்டு தடவை கழுவிட்டேன். பக்கத்து வீட்டம்மா மட்டும் யாருக்குங்க காய்ச்சல்னு கேட்டாங்க.

குறை இல்லாம இல்ல. தைலத்தை ஊத்தி வெக்க ஐஸ்கிரீம் வந்த தெர்மாக்கோல் கப்பை எடுத்தேன், அஞ்சு நிமிஷத்துல அடிப்பக்கம் கரைஞ்சு ஓட்டையாயி தரையெல்லாம் தைலம், அம்மா பேசுன பேச்சு தனி. தெர்மாக்கோலையே கரைக்கும்னா டெயில் லாம்ப், ஹெட்லைட் மேல படாம பாத்துக்கோங்க, பட்டா உடனே தொடைங்க. அந்த டூக்கோ பம்பர்லயும் தொடவே இல்ல. கலப்படமும் ஜாஸ்தி, வெள்ளைப் பேப்பர்ல ஒரு சொட்டு விட்டுக் காய விடுங்க, எண்ணெய்க் கறை நின்னுச்சுன்னா வேற எதையோ கலந்திருக்காங்கன்னு அர்த்தம், அதை வெச்சு பசை எடுத்தா இன்னும் பிசுபிசுன்னு ஆகும். கிளவுஸ் போட்டுக்கோங்க, கண்ணுல கை வெச்சிராதீங்க, நான் வெச்சேன். இவ்வளவும் சேத்து அஞ்சுக்கு நாலரை.

கதவுல இருந்த ஃபோம் டேப்புக்கு மட்டும் இது பத்தல, அவ்வளவு தடிமனுக்குள்ள தைலம் எறங்கவே இல்ல. ட்ரில்லுல மாட்டற ரப்பர் வீல் வாங்குனேன், பென்சில் அழிக்கற ரப்பர் மாதிரியே பசையை அழிச்சிட்டுப் போகும். கம்மி ஸ்பீடுல, ஒரே எடத்துல நிக்காம நகத்திட்டே இருக்கணும், நின்னா சூடேறி பெயிண்ட் போயிரும். துகள் மூஞ்சி பூரா பறக்கும், கண்ணாடி போடுங்க. வேலை சுத்தம்.

எல்லாம் முடிச்சு கொஞ்சம் பாலிஷும் போட்டேன். மத்தியானம் பாத்தா டிக்கி பளிச்சுன்னு இருக்கு. மறுநாள் விடிகாலைல பால் வாங்கப் போகும்போது பாக்கறேன், பனி படிஞ்ச டிக்கில மாசாணியம்மன் துணைன்னு முழு எழுத்தும் தெரியுது. பசை இல்லைங்க, தடவுனா வழுவழுன்னுதான் இருக்கு. ஸ்டிக்கர் மூடியிருந்த எடத்துல பெயிண்ட் வெளுக்காம பழைய சிவப்புலயே இருக்கு, சுத்தி இருக்கறது வெளுத்துருச்சு, அதுக்குத் தைலம் ஒண்ணும் பண்ண முடியாது, பெயிண்ட்டைத் தேச்சு மெருகேத்தற கம்பவுண்டு பேஸ்ட் போட்டுத் தேச்சா கொஞ்சம் கொறையும். தேய்க்கலாம்னு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். செருப்பைக் கழட்டிட்டு வந்து டிக்கியைத் தொட்டுக் கும்பிட்டுட்டு, "இதை எதுவும் பண்ணாத"ன்னுட்டு உள்ள போயிட்டாரு.