செவில்லா ஃபிளமெங்கோ நடன அருங்காட்சியகம்: பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

ஃபிளமெங்கோ என்பது பாட்டும் கைதட்டலும் காலடித் தாளமும் சேர்ந்த தென் ஸ்பெயின் நடனம். ஸ்பெயினின் செவில்லா நகரில், பேராலயத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருக்கிறது இந்த அருங்காட்சியகம். நடனக் கலைஞர் கிறிஸ்டினா ஓயோஸ் 2006-இல் தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். கண்காட்சி மாடியில், கலைஞர்கள் நேரில் ஆடும் ஆட்டம் நடுமுற்றத்தில். இரண்டுக்கும் சேர்த்தே டிக்கெட் கிடைக்கிறது, அதையே எடுங்கள். கண்காட்சியை முதலில் பார்த்தால்தான் ஆட்டத்தில் என்ன நடக்கிறதென்று பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

மாடியில் படிக்க வேண்டியதைவிடப் பார்க்க வேண்டியதே அதிகம். பெரிய திரைகளில் ஒவ்வொரு ஆட்ட வகையும் ஓடுகிறது. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் சின்னப் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். சொலெயா, தாங்கோஸ் என்ற இரண்டு வகை போதும். தாங்கோஸ் நான்கு எண்ணிக்கை, யாருக்கும் உடனே வந்துவிடும். சொலெயாவில்தான் சுவாரசியம்: பன்னிரண்டு வரை எண்ணி 3, 6, 8, 10, 12-இல் அழுத்தித் தட்ட வேண்டும். அதாவது 3+3+2+2+2. பிள்ளைகள் எப்போதும் தவறுகிற இடம் ஆறுக்கு அடுத்தது. மூன்று மூன்றாகவே போய் 9-இல் தட்டிவிடுவார்கள். ‘ஏழு, எட்டு’ என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தால் சரியாகிவிடும். பாட்டு வகுப்பில் தாளம் போட்டுப் பழகிய பிள்ளைக்கு இது சில நிமிட வேலை. கைதட்டலிலும் இரண்டு வகை உண்டு: உள்ளங்கைகளைக் குழித்துத் தட்டினால் மங்கிய ஒலி, ஒரு கை விரல்களால் மறு உள்ளங்கையில் அடித்தால் ‘பளீர்’ என்ற ஒலி. இரண்டையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உடைகளில் நீண்ட வால் வைத்த ‘பாத்தா தே கோலா’ முன் கொஞ்சம் நில்லுங்கள். திரும்பும்போது அந்த வாலைக் காலால் உதைத்து விலக்க வேண்டும், இல்லாவிட்டால் காலில் சுற்றிக்கொள்ளும். மேடையில் அதைக் கவனிக்கச் சொல்லலாம்.

ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். முன்கூட்டியே வந்து முன்வரிசையில் உட்காருங்கள். பின்னால் உட்கார்ந்தால் குட்டிப் பிள்ளைகளுக்குக் கால் தெரியாது, ஃபிளமெங்கோவில் கால் தெரியாவிட்டால் பாதி போச்சு. செருப்பின் முனையிலும் குதிகாலிலும் சிறு ஆணிகள் அடித்திருப்பார்கள். மூடிய முற்றத்தில் அந்தச் சத்தம் பலமாக எதிரொலிக்கும், முன்பே சொல்லி வையுங்கள். சத்தத்துக்குப் பயப்படும் குழந்தை இருந்தால் மட்டும் ஓர இருக்கை நல்லது. பார்வையாளர் கூடவே தட்டினால் கலைஞர்களின் தாளம் கலையும். அதனால் பிள்ளைகள் மடியில் விரலால் மட்டும் எண்ணட்டும்.