வீட்ல வச்சு குழந்தைங்கள பாத்துக்கற இடம்: ரெண்டு வருஷம் விட்டு பாத்ததுல தோணினது (ஃபீஸ் ஏத்தின கதையும் சேத்து)

என் பையன ஒன்றரை வயசுல இங்க விட ஆரம்பிச்சேன், இப்ப மூன்றரை. அக்கா அவங்க வீட்லயே நடத்துறாங்க, பெரிய போர்டுலாம் கிடையாது. இதுக்கு முன்னாடி வேற ஒரு வீட்ல ஒரு மாசம் விட்டோம், ஃபீஸ் ரொம்ப கம்மி, ஆனா எப்ப போய் எட்டிப் பாத்தாலும் டிவி ஓடிட்டே இருக்கும், ஒரே ஆள் ஒம்பது குழந்தைய வச்சிருந்தாங்க. அவங்கள திட்டவும் மனசு வரல, அந்த ஃபீஸுக்கு ஒம்பது பேர் சேத்தாதான் அவங்களுக்கு கட்டும்.

இங்க அஞ்சு குழந்தைக்கு மேல சேக்க மாட்டாங்க. கைக்குழந்தைய மல்லாக்கதான் படுக்க வைப்பாங்க, தொட்டில்ல தலகாணி, பொம்மை, போர்வை எதுவும் இருக்காது. திராட்சைய கூட நீளவாக்குல நாலா நறுக்கிதான் குடுப்பாங்க. ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு தொண்டைல ஏதாவது அடைச்சா முதுகுல அஞ்சு தட்டு, அப்புறம் நெஞ்சுல அஞ்சு அழுத்துனு ஒரு நாள் சாயந்திரம் எங்களுக்கே பொம்மைய வச்சு செஞ்சு காட்டினாங்க (எனக்கு அது வரைக்கும் தெரியாது, வெக்கமா இருந்துச்சு). ஸ்கிரீன் கிடையவே கிடையாது. ரெண்டு வயசுக்குள்ள வேண்டவே வேண்டாம், ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிருக்கு, வீட்ல நானே அத ஒழுங்கா ஃபாலோ பண்றது இல்ல.

இப்ப ஃபீஸ் மேட்டருக்கு வரேன். போன வருஷம் திடீர்னு ஏத்தப் போறேன்னு மெசேஜ் வந்துச்சு. எல்லா பேரன்ட்ஸ் மாதிரி நானும் முதல்ல முணுமுணுத்தேன். நேர்ல போய் கேட்டப்ப கணக்கு நோட்ட எடுத்து காட்டிட்டாங்க. காலைல ஏழரைக்கு கதவ திறந்தா சாயந்திரம் ஆறரை வரைக்கும் 11 மணி நேரம், அதுக்கப்புறம் பொம்மை கழுவறது, துணி, கடைக்கு போறது, கணக்கு எழுதறதுன்னு இன்னும் ரெண்டு மணி நேரம். கரண்ட், தண்ணி, சோப்பு, டிஷ்யூ எல்லாத்தையும் கழிச்சு மிச்சத்த மணிக்கு இவ்ளோன்னு வகுத்து பாத்தா, சத்தியமா எனக்கு பேச்சே வரல. கடைல பில் போடற வேலைல கூட அத விட ஜாஸ்தி கிடைக்கும், ஹெல்ப்புக்கு வச்ச பொண்ணுங்க ரெண்டு பேர் ஆறே மாசத்துல அந்த மாதிரி வேலைக்குதான் போனாங்க. என் பையன் முதல் பொண்ணுகிட்ட ஒட்டிக்கிட்டான், அவ போனதும் ரெண்டு வாரம் வாசல்லயே என் கால புடிச்சுட்டு அழுதான்.

வேற தொழில்னா வருமானம் பத்தலன்னா இன்னும் நாலு கஸ்டமர புடிக்கலாம். இங்க ஆறாவது குழந்தைய சேத்தா இருக்கற அஞ்சுக்கும் கவனிப்பு குறையும், அதனால தரம் குறையாம வருமானம் ஏறணும்னா ஃபீஸ் ஏறணும், இல்ல வெளில இருந்து யாராவது குடுக்கணும். எல்லா பேரன்ட்ஸாலயும் குடுக்க முடியாதுன்றதும் உண்மைதான், அரசாங்கமோ நாம வேலை பாக்கற கம்பெனியோ ஒரு பங்கு போட்டாதான் இது கட்டுப்படி ஆகும். ஒரு அம்மா அந்த மாசமே குழந்தைய நிறுத்திட்டாங்க, அவங்க மேல தப்பே இல்ல.

கூடவே இன்னொரு ரூல் போட்டாங்க, குழந்தை வராத நாளுக்கும் ஃபீஸ் உண்டு. முதல்ல கடுப்பாதான் இருந்துச்சு. ஆனா நம்ம பையனுக்கு காய்ச்சல்னு நாலு நாள் வீட்ல வச்சிருந்தா அந்த நாலு நாளும் அவங்க வாடகை நிக்குமா? ஸ்கூல்ல அப்படி கழிச்சு கேக்க நமக்கு தோணுதா?

ஏத்தின காசு எங்க போச்சுன்னு கண்ணுக்கு தெரிஞ்சுது. புதுசா வந்த ஹெல்ப்பர் பொண்ணு எட்டு மாசமா அதே ஆள், பையன் இப்ப என்ன திரும்பி கூட பாக்காம உள்ள ஓடுறான். அக்கா ரெண்டு மாசம் சனிக்கிழமைல ஒரு டிரெய்னிங் போனாங்க, அதுக்கப்புறம் கடிச்சு வைக்கிற குழந்தைய ஓரமா உக்கார வைக்கிற பழக்கத்த விட்டுட்டாங்க, பக்கத்துல உக்காந்து பேசறாங்க.

குறைன்னா, அக்காக்கு உடம்பு முடியலன்னா அன்னிக்கு லீவுதான், காலைல ஆறு மணிக்குதான் மெசேஜ் வரும், எனக்கு ரெண்டு தடவை முக்கியமான மீட்டிங் போச்சு. வெளில விளையாட இடம் சின்னது. சாயந்திரம் லேட்டா போனா மூஞ்சிய தூக்கி வச்சுப்பாங்க, அது நியாயம்தான்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். இப்போதைக்கு இடம் இல்ல, நான் சொல்லி அனுப்பின ஒருத்தங்க மூணு மாசமா வெயிட் பண்றாங்க.