புது மெஷினா, ஓவர்டைமா, இருக்கும் மெஷினைப் பிழிவதா?

ஆர்டர் கையில் இருக்கிறது, சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இப்படி ஒரு நிலைமை வந்தால் முதலாளி புது மெஷின் வாங்கலாம் என்பார். மேனேஜர் ஓவர்டைம் போடலாம் என்பார். சூப்பர்வைசரிடம் யாராவது கேட்டால், "இருக்கிற மெஷினே பாதி நேரம் சும்மா நிக்குது சார்" என்பார். பெரும்பாலும் என் ஓட்டு சூப்பர்வைசருக்குத்தான்.

கணக்குக்காக ஒரு லைனை எடுத்துக்கொள்வோம். மணிக்கு கட்டிங்கில் 60 பீஸ், லேத்தில் 50, கிரைண்டிங்கில் 30, பேக்கிங்கில் 55. மற்ற மூன்றும் எவ்வளவு வேகமாக ஓடினாலும் வெளியே போவது கிரைண்டிங் விடுவதுதான். பாட்டில்நெக் அங்கே.

ஓவர்டைமை முதலில் முடித்துவிடலாம். எல்லோரையும் 2 மணி நேரம் கூடுதலாக நிறுத்தினால் கட்டிங் 120 பீஸ் தள்ளும், கிரைண்டிங் 60தான் முடிக்கும். மீதி 60 வழியில் தேங்கும். சம்பளம் மட்டும் எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டும். கிரைண்டிங் ஆளை மட்டும் நிறுத்தினால் அர்த்தம் உண்டு, அதுவும் அவசரத்துக்கு. வெளியே ஜாப் ஒர்க் கொடுப்பதும் அப்படித்தான்: ஒரு மாத நெருக்கடியைத் தாண்ட உதவும், ஆனால் தரம் நம் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும்.

இனி பிழிவது. ஒரு ஷிப்ட் முழுக்க கிரைண்டிங் மெஷின் பக்கத்தில் கடிகாரத்தோடு நின்று பாருங்கள். 480 நிமிஷத்தில் சாப்பாடும் டீயும் 50. ஜாப் மாற்ற மூன்று செட்டிங், தலா 25 வீதம் 75. மெட்டீரியல் வராமல் காத்திருந்தது 20. முதல் பீஸுக்கு இன்ஸ்பெக்டர் வரும்வரை 20. கல் டிரெஸ்ஸிங் (மழுங்கிய கிரைண்டிங் கல்லைச் சீர்செய்வது) 15. ஆக 180 நிமிஷம் போச்சு. மிச்சம் 300 நிமிஷம், 150 பீஸ்.

இடைவேளையில் மாற்று ஆள் நின்றால் 50 நிமிஷம் திரும்பி வரும். அடுத்த ஜாபுக்கான ஃபிக்ஸ்சர் (பீஸைப் பிடித்து நிறுத்துவது), கேஜ் (அளவு பார்ப்பது) எல்லாவற்றையும் மெஷின் ஓடும்போதே எடுத்து வைத்தால் செட்டிங் 25இலிருந்து 10க்கு இறங்கும், அதில் 45. எப்போதும் 30 பீஸ் முன்னால் காத்திருக்கும்படி வைத்தால் இன்னொரு 20. மொத்தம் 115 நிமிஷம். 150 பீஸ் 207 ஆகிவிடுகிறது, செலவு ஒரு மாற்று ஆளின் சம்பளம். செட்டிங் 10க்கு இறங்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: 1969இல் டொயோட்டாவில் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் 1,000 டன் பிரஸ் ஒன்றின் செட்டிங் 4 மணி நேரமாக இருந்தது. ஜப்பானிய உற்பத்தி நிபுணர் ஷிகேயோ ஷிங்கோ அதை முதலில் 90 நிமிஷத்துக்கும், பிறகு 3 நிமிஷத்துக்கும் கொண்டுவந்தார்.

இன்னொன்று, இன்ஸ்பெக்‌ஷனை கிரைண்டிங்குக்கு முன்னால் வையுங்கள். லேத்திலேயே கெட்டுப்போன 10 பீஸ் கிரைண்டிங்குக்குள் போனால், ரிஜெக்ட் ஆகப்போகும் பீஸுக்காக 20 நிமிஷம் காலி.

இந்த வழியில் உண்மையான தலைவலி மனுஷர்களிடம்தான். கிரைண்டிங் முன்னால் 30 பீஸ் நிறைந்துவிட்டால் லேத் நிற்க வேண்டும். சும்மா நிற்கும் ஆளைப் பார்த்தால் எந்த மேனேஜருக்கும் கை பரபரக்கும். பீஸ் கணக்கில் இன்சென்டிவ் கொடுக்கும் இடத்தில் லேத் ஆபரேட்டரே நிறுத்த மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த இன்சென்டிவை வெளியே போகும் சரக்கின் கணக்குக்கு மாற்றாமல் இதைத் தொடங்காதீர்கள்.

அப்போ புது மெஷினே வேண்டாமா? வேண்டும், வரிசையில் பின்னால். பாட்டில்நெக் நிர்வாகத்துக்கு இஸ்ரேலிய நிர்வாகச் சிந்தனையாளர் எலியாகு கோல்ட்ராட் வகுத்த ஐந்து படிகளில் கண்டுபிடிப்பது, பிழிவது, மற்றதை அதற்கு அடக்குவது எல்லாம் முடிந்து நான்காவதாகத்தான் கொள்ளளவைக் கூட்டுவது வருகிறது. இரண்டாவது கிரைண்டிங் மெஷின் வந்தால் பழைய பழக்கத்திலேயே 300 பீஸ் வரும் என்று தோன்றும். வராது. லேத்திலும் இதே அளவு நேரம் வீணானால் அது 250 பீஸிலேயே நின்றுவிடும். பாட்டில்நெக் ஒரு மெஷின் முன்னால் நகர்ந்திருக்கும், வாங்கிய கொள்ளளவில் 50 பீஸ் சும்மா கிடக்கும்.

மெஷின் ஏற்கெனவே 480இல் 420 நிமிஷத்துக்கு மேல் வெட்டிக்கொண்டிருந்தால் பிழிய அதிகம் இல்லை. ஆர்டரும் நிலையாக இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். 300 நிமிஷம் ஓடும் மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால், அதுவும் 300 நிமிஷம்தான் ஓடும்.